மொபெட்டைத் துரத்திய ராஜா

குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தால் கீழே நிற்பவர்களின் உச்சந்தலை நன்றாகத் தெரியும். அன்று ஐந்தருவிச் சாலையோரப் பஜ்ஜிக் கடையில் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு வழுக்கை. பக்கத்தில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு கொண்டை. அதற்கும் பக்கத்தில், எண்ணெய் வைத்துப் படிய வாரி, பிச்சிப்பூச் சூடிய ஒரு தலை.

அந்தத் தலை மெதுவாக நிமிர்ந்தது. அம்மா.

குதிரை இதையெல்லாம் கவனிக்கவில்லை. அதன் தலை கடைக்குள் இருந்தது. சீவி வைத்திருந்த வாழைக்காயை ஒவ்வொரு துண்டாக ருசித்துத் தின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் கரண்டியை ஓங்கியபடி, அடிக்கவும் பயந்து, ஓடவும் மனமில்லாமல் நின்றார்.

"ஏட்டி..." என்றாள் அம்மா.

வழுக்கைத் தலைக்காரர் மாப்பிள்ளையின் அப்பா. ஈரத்துண்டு, மாப்பிள்ளையின் அம்மா. அன்று சாயங்காலம் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள். நான் பட்டுப்புடவை கட்டி, தலை குனிந்து, காபித் தட்டோடு வருவதாக ஏற்பாடு.

அதற்குப் பதிலாக ஸ்கூட்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, குதிரையின் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

மாட்டிடம் பேசும் வேலை

அப்போது நான் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கால்நடை டாக்டரிடம் உதவியாளராக இருந்தேன். விலங்கியல் படித்தவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? டாக்டர் ஊசி போடுவார். நான் மாட்டின் காதருகே நின்று பேசிக்கொண்டிருப்பேன். பஸ் லேட்டானது, மாவு புளித்தது, பக்கத்து வீட்டில் சண்டை நடந்தது, எல்லாம் சொல்வேன். மாடு அசையாமல் கேட்கும்.

"மயக்க ஊசியே வேண்டாம்மா. உன் பேச்சு போதும்" என்பார் டாக்டர். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அயர்லாந்தில், கடலோரத்தில் ஒரு குதிரைப் பண்ணை. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி, தினமும் குதிரையில் ஏறி மலையும் கடற்கரையும் சுற்றுவார்களாம். அதற்குக் குதிரைச் சவாரி விடுமுறை என்று பெயர். நம் பக்கம் விடுமுறை என்றால் படுத்துக் கிடப்பது. அங்கே போய் இடுப்பை ஒடித்துக்கொள்வதற்கு முன்பதிவு செய்கிறார்கள்.

அந்தப் பண்ணைக்கு உதவியாள் தேவை. பெரிய விலங்குகளோடு பழகியிருந்தால் போதும் என்று போட்டிருந்தது. படத்தில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று கடலைப் பார்த்து நின்றது. நான் அதுவரை திருச்செந்தூர்க் கடலை மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்தக் குதிரை பார்த்துக்கொண்டிருந்த கடலை நானும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பெரிய லட்சியமெல்லாம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

வீடியோவில் பேசிய பண்ணைக்காரம்மாவின் பெயர் மோரா. கன்னம் இரண்டும் தக்காளி மாதிரி இருக்கும். எனக்குக் குதிரை ஏறத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"மாட்டைச் சமாளிப்பாயா?"

"சமாளிப்பேன்."

"அப்போது பாதி வேலை முடிந்தது. குதிரைக்கு மாட்டைவிடத் தலைக்கனம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். குதிரைக்கு நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு குலுங்கல் ஓட்டம் உண்டு. ட்ராட் என்பார்கள். அந்த ஓட்டத்தில் நான் விழாமல் உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை, கீழே விழாமல் இருந்தால் போதும். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும்.

எச்.ஆர். பெண்

அப்பாவுக்குச் சந்தோஷம். அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரையோடு அவருக்கு ஒரே ஒரு பரிச்சயம் உண்டு. திருநெல்வேலியில் ஏதோ மந்திரி வந்த கூட்டத்தில் காவலுக்கு நின்றபோது, குதிரைப்படைக் குதிரை ஒன்று பின்னால் வந்து அவர் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. வெறுந்தலையோடு நின்றதற்கு விளக்கம் கேட்டார் இன்ஸ்பெக்டர். "குதிரை தின்னுட்டு சார்" என்றிருக்கிறார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பணியில் இருந்தவரை யார் எதற்கு லேட்டாக வந்தாலும் ஸ்டேஷனில் அதே பதில்தான்.

"நீ போயி அதுக சங்கதி என்னன்னு பாத்துட்டு வா" என்றார் என்னிடம், பழைய வழக்கு ஒன்றை விசாரணைக்கு அனுப்புவதுபோல.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை.

"படிக்க வச்சது குதிர மேய்க்கவா? சொந்தக்காரங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ஹார்ஸ் ரைடிங் ஃபீல்டுன்னு சொல்லும்மா."

அம்மா அதைச் சுருக்கிக்கொண்டாள். ஆலங்குளத்திலிருந்து தரகர் ஒருவர் ஜாதகம் கேட்டு வந்தபோது, "பிள்ளைக்கு ஃபாரின்ல எச்.ஆர். வேல கெடைக்கப் போவுது" என்றாள். தரகர் நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டார். எச்.ஆர். என்றால் கண்ணாடி பதித்த ஆபீசில், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஆளை வேலைக்கு எடுப்பதும் தூக்குவதும். ஒரே வாரத்தில் ஆலங்குளத்திலிருந்து வரன் வந்துவிட்டது. மாப்பிள்ளை பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள்.

மோரா கெடு வைத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை.

"நான் பொய்யா சொன்னேன்? நீ சொன்னதுல இருந்து ரெண்டு எழுத்த எடுத்தேன்" என்றாள் அம்மா.

சுவரேறிய மகள்

குதிரை கிடைக்கும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். குலுங்கல் ஓட்டத்தில் சேணத்தின் மேல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் முதுகெலும்பு போய்விடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். எங்கள் காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். அதன் மேல் தலையணையைக் கட்டி, மாதுளைக் கிளையில் தன் பழைய போலீஸ் பெல்ட்டைக் கடிவாளமாக மாட்டிக் கொடுத்தார். தினமும் காலையில் நான் சுவரின் இருபுறமும் காலைப் போட்டு உட்காருவேன். அப்பா, "எந்திரி, இரி! எந்திரி, இரி!" என்று அணிவகுப்புக் குரலில் கத்துவார்.

எதிர்வீட்டு மதினி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அம்மாவிடம் வந்து, "பிள்ளைக்கு வயித்துக்குச் சரியில்லையோ? ஓமத்தண்ணி குடுங்க மதினி" என்றாள்.

அம்மா வாசல் பக்கமே வரமாட்டாள். ஆனால் சமையலறை ஜன்னல் திறந்தே இருக்கும். ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "முதுகு கூனுது."

தென்காசியில் எங்கள் தையல்காரரிடம் சவாரிக் கால்சட்டை தைக்கக் கொடுத்தேன். தொடையின் உள்பக்கமும் உட்காரும் இடத்திலும் தடித்த துணியில் ஒட்டு வேண்டும் என்றேன்.

"புதுத் துணியில எதுக்கும்மா ஒட்டு?"

"அங்கனதான் அண்ணாச்சி தேயும்."

"தேஞ்ச பொறவு கொண்டாங்க. போட்டுத் தாறேன்" என்று கடைசிவரை மறுத்துவிட்டார். முன்கூட்டியே ஒட்டுப் போட்டால் அவர் தையலுக்கு அது அவமானமாம்.

ஓனர் ஏற மாட்டார்

எங்கள் பக்கம் உயிருள்ள குதிரையைத் தேடினால், குற்றாலத்தில் சீசன் சமயத்தில்தான் கிடைக்கும். சாரல் தொடங்கியதும் கனி அண்ணாச்சி தன் குதிரை ராஜாவைக் கொண்டுவந்துவிடுவார். ராஜா பழுப்பு நிறம், நெற்றியில் குங்குமம், கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை ஏற்றி, ஐந்தருவி பஸ் நிற்கும் இடத்திலிருந்து படகுத்துறை வரை போய்த் திரும்பும். ஒரே பாதை, ஒரே வேகம்.

அண்ணாச்சியிடம் எப்படி ஏறுவது என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்க ஏறினதே இல்லையா?"

"நான் எதுக்கு ஏறணும்? நான் ஓனரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒசரம்னா எனக்குக் கொஞ்சம் ஆவாது."

பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறினேன். முதல் தடவை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். ராஜா கழுத்தைத் திருப்பி, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்பதுபோல் பார்த்தது.

சில நாளில் உட்காரப் பழகிவிட்டது. அதன் காதருகே குனிந்து மாட்டிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே போவேன். சிக்கல் வேறு. அண்ணாச்சி முன்னால் நடந்தால்தான் ராஜா நடக்கும். அவர் நின்றால் நிற்கும். அது குலுங்கி ஓட வேண்டுமென்றால் அவர் முன்னால் ஓட வேண்டும். அண்ணாச்சியோ தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இத வச்சுக்கிட்டா ஓடச் சொல்லுத?"

யோசனை அப்பாவுடையது. ராஜாவுக்கு மலைவாழைப்பழம் என்றால் உயிர். மொபெட்டின் கேரியரில் ஒரு சீப்புப் பழத்தைக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போவார். ராஜா பின்னால் வரும். அண்ணாச்சி ஓரமாக நின்று என் செல்போனில் வீடியோ எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் சேருவதற்கு முன்பு, என்று முடிவாயிற்று. அம்மாவிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னார். அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் அப்போது அவளுக்கு ஒரு போன் வந்தது.

குரங்கு செய்த வேலை

அந்தப் போன் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே புறப்பட்டுவிட்டார்கள். சீசனில் குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு யாராவது குளிக்காமல் இருப்பார்களா? ஐந்தருவியில் குளித்துவிட்டு, அறை எடுத்துக் கொஞ்சம் தூங்கி, சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்காக அம்மா இட்லியும் மிளகாய்ப்பொடியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அங்கேயே போய்விட்டாள்.

இது தெரியாமல், கொஞ்ச தூரத்தில் நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று பட்டது. அப்பா மொபெட்டை உறுமவிட்டார். ராஜா மூக்கை விரித்தது.

"போலாமா?" என்றார் அப்பா.

நான் தலையாட்டினேன். ராஜாவும் ஆட்டியது.

மொபெட் நகர்ந்தது. ராஜா நடந்தது. அப்பா வேகத்தைக் கூட்டினார். திடீரென்று என் அடியில் உலகம் குலுங்க ஆரம்பித்தது. பல் கிட்டியது. "எந்திரி, இரி!" என்று அப்பா முன்னாலிருந்து கத்தினார். எழுந்தேன், உட்கார்ந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். ஒரு நொடி எல்லாம் சேர்ந்துகொண்டது. குலுக்கல் நின்று ஊஞ்சல் மாதிரி ஆனது. காற்றில் மலைவாசனையும் குளித்தவர்களின் சோப்பு வாசனையும். நான் சிரித்துவிட்டேன். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இது ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

அப்போதுதான் மரத்திலிருந்து ஒரு குரங்கு மொபெட் கேரியரில் குதித்தது.

குதித்தது என்றால் சாவகாசமாக. காலை நீட்டி உட்கார்ந்து, பழத்தை ஒவ்வொன்றாக உரித்து, தோலை ராஜாவை நோக்கி எறிந்தது. அப்பா கண்ணாடியில் பார்த்தார். பின்னிருக்கையில் குரங்கைப் பார்த்த எந்த ஏட்டும் செய்வதைத்தான் அவரும் செய்தார். "ஐயோ" என்று கத்திக்கொண்டே வண்டியை ஓரமாக மண்ணில் இறக்கிவிட்டார். குரங்கு மிச்சப் பழத்தோடு மரமேறியது.

ராஜா நிற்கவில்லை. பழம் போனால் என்ன, எதிரே வாழைக்காய் வாசனை வந்தது. குலுங்கல் ஓட்டம் மாறாமல் நேரே பஜ்ஜிக் கடைக்குப் போயிற்று. நானும் போனேன்.

அம்மா சொன்ன பதில்

கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னையும் கையிலிருந்த செல்போன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது... அந்த எச்.ஆர். பொண்ணுல்லா?"

அம்மா தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவள் முகத்தில் ஒரு பொய் தயாராகி வருவது எனக்கு மேலிருந்து தெரிந்தது. இல்லை, யாரோ சுற்றுலா வந்த பிள்ளை என்று சொல்லிவிடுவாள். சொல்லியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் பிடரி மயிர். மூக்கு நுனியில் சாரல்.

"ஆமா. எங்க பிள்ளதான்" என்றாள். "எச்.ஆர்.னா ஹார்ஸ் ரைடிங்." பிறகு என்னைப் பார்த்து அதட்டினாள். "ஏட்டி, முதுக நேரா வையி. பெரியவங்க நிக்காவல்லா."

மாப்பிள்ளையின் அம்மா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். ஆனால் வழுக்கைத் தலைக்காரர் குதிரையின் கழுத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டார். "நானும் ஒரு ரவுண்டு போடட்டுமா?" என்று கேட்டார். நான் இறங்கினேன். அவர் ஏறினார். அதற்குள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த கனி அண்ணாச்சி அவரைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் இறங்க மறுத்தார். இரண்டாம் சுற்றும் போனார். அவர் மனைவி இட்லியைத் தொடவே இல்லை.

இந்த அமளியில் வீடியோவை மறந்துவிட்டேன். அண்ணாச்சி பெருமையாகச் செல்போனை நீட்டினார். தொடக்கம் முதல் கடைசி வரை அவர் முகம். கேமரா அவர் பக்கமாகத் திரும்பியிருந்தது. வாயைத் திறந்து, கண்ணை விரித்து, எதையோ பார்த்து "ஐயையோ ஐயையோ" என்கிறார். ட்ராட்டுக்குச் சாட்சி அந்த முகம் மட்டும்தான்.

இன்னொரு தடவை ஓடலாம் என்றால் பழமும் இல்லை, ராஜாவுக்குப் பசியும் இல்லை. நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் எடுத்தேன்" என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளை. அதுவரை நான் அவரைக் கவனிக்கவே இல்லை. பஜ்ஜித் தட்டோடு மூலையில் நின்றிருந்தார். "தூரத்துல குதிர வருது, முன்னால மொபெட்ல குரங்கு வருது. யாருன்னு தெரியாமத்தான் எடுத்தேன். அனுப்பட்டுமா?"

அனுப்பினார். நான் அங்கிருந்தே மோராவுக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் அவளிடமிருந்து குரல் பதில் வந்தது. சிரித்து முடித்துவிட்டுப் பேசத் தொடங்கி, நடுவில் மறுபடி சிரித்தாள். "குரங்கு உட்கார்ந்திருக்கும் விதம் அருமை. தோள் தளர்ந்திருக்கிறது, பயமே இல்லை. அது வராது என்றால், நீ வா."

வரன் அமையவில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தனியாக அப்பாவுக்குப் போன் போட்டு, ராஜா எந்தெந்தக் கிழமை ஓய்வாக இருக்கும் என்று விசாரித்தாராம்.

அண்ணாச்சி

அயர்லாந்தில் இறங்கிய அன்று சாரல் அடித்தது. மறுநாளும் அடித்தது. குளிரைத் தவிர எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. மோரா என் கையில் ஒரு தள்ளுவண்டியும் மண்வாரியும் கொடுத்தாள். ஆரம்பத்தில் நான் குதிரைகளின் முகத்தையே பார்க்கவில்லை. பின்பக்கத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டேன். சாணி அள்ளுவது, வைக்கோல் பரப்புவது, குளம்பைத் தூக்கி மண் எடுப்பது, தேய்த்து விடுவது. இடுப்பு இரவில் தனியாக அழும்.

பிறகு சவாரிக் கூட்டத்தோடு கடற்கரைக்கு அனுப்பினார்கள். எனக்குக் கொடுத்தது மர்ஃபி என்ற கிழட்டுக் குதிரை. மோரா கற்றுக்கொடுத்த ஆங்கிலச் சொல் எதற்கும் அது நிற்காது. கடல் அலையைக் கண்டதும் அதற்கு இளமை திரும்பிவிடும். ஒரு நாள் நேரே தண்ணீருக்குள் இறங்கப் போனது. பயத்தில் என் வாயில் இங்கிலீஷ் வரவில்லை.

"ஏலே! நில்லுலே!"

மர்ஃபி நின்றது. சிலைபோல நின்றது. பின்னால் வந்த எல்லாக் குதிரைகளும் அதன் மேல் மோதி நின்றன.

மறுநாள் சோதித்துப் பார்த்தோம். மறுபடி நின்றது. மோரா அதைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டாள். விடுமுறைக்கு வருபவர்கள் முதல் நாள் லாயத்தில் வரிசையாக நின்று அதைச் சொல்லிப் பழகினார்கள். "லே"யை அவர்கள் பாட்டு மாதிரி இழுப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவுக்கு இதைக் காட்டினேன். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த நரைத்த டாக்டரம்மா ஒருத்தி மர்ஃபியின் மேல் விறைப்பாக உட்கார்ந்து, "ஏலே, நில்லுலே" என்றாள். மர்ஃபி நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை.

"ஏட்டி, அந்தக் குதிரைக்கு என்ன வயசு?"

"இருபது தாண்டியிருக்கும்மா."

"மனுசக் கணக்குல?"

"அறுபது, அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சு வயசு ஆள லே போட்டுக் கூப்பிடுதிய! நம்ம ஊருல இப்படியா வளத்தோம்? அந்த டாக்டரம்மாகிட்ட போன குடு."

கொடுத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கொஞ்ச நேரம் மாறி மாறி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டார்கள். போன் திரும்பி வந்தபோது அம்மா திருப்தியாக இருந்தாள்.

டாக்டரம்மா கடிவாளத்தைச் சரியாகப் பிடித்து, குனிந்து, கிழட்டுக் காதில் மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "அண்ணாச்சி, நில்லுங்க."

மர்ஃபி நின்றது மட்டுமல்ல, ஒரு காலை மடக்கி இளைப்பாறவும் செய்தது. அந்தப் பண்ணையில் இன்று அதை யாரும் மர்ஃபி என்று கூப்பிடுவதில்லை.